எடையை எங்கே வைப்பது

பெண்ணுக்குத் தன் உடலைப் பற்றிச் சொல்லித்தரப்படும் முதல் பாடம், அதைச் சுருக்கி வைத்துக்கொள்வது எப்படி என்பதுதான். தோளைக் குறுக்கு, நெஞ்சை நிமிர்த்தாதே, காலைச் சேர்த்து வை. எங்கள் அப்பாயி இதையெல்லாம் "அடக்கமா நடடி" என்ற இரண்டே சொல்லில் முடித்துவிடுவார். மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தில், நீர் நிறைந்த சுண்ணாம்புக் குகைகளுக்குள் நீந்தக் கற்றபோது எனக்குக் கிடைத்த கட்டளைகள் இதற்கு நேரெதிராக இருந்தன. தலையைத் தூக்கு. நெஞ்சை விரி. முதுகை லேசாக உள்வளை. முழங்காலை மடக்கிப் பாதங்களை உயர்த்து. பிறகு அசையாமல் இரு.

இந்தக் கிடைநிலையை ஆங்கிலத்தில் 'டிரிம்' என்பார்கள். தரைக்கு இணையாக, பாயில் குப்புறப் படுத்ததுபோல், ஆனால் எதன்மீதும் படாமல் தண்ணீரில் நிற்பது. பார்க்க அழகாக இருப்பதற்காக இதைக் கேட்பதில்லை. குகையின் அடியில் மாவுபோல வண்டல் படிந்திருக்கும். கால் தாழ்ந்தால் துடுப்பு அதைக் கிளப்பிவிடும்; சில நொடிகளில் கையை முகத்துக்கு நேரே வைத்தாலும் தெரியாது. வெளியே போக வழிகாட்டும் கயிறு கண்ணிலிருந்து மறைந்துவிடும். தலைக்குமேல் பாறை இருப்பதால் நேராக மேலே போய்விடவும் முடியாது. கால் உயர்ந்தாலோ துடுப்பு கூரையில் இடிக்கும். குகை காய்ந்து கிடந்த காலத்தில் சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணாம்பு விழுதுகள் அங்கே தொங்குகின்றன. ஓர் உதையில் உடைந்தால் மீண்டும் வளராது. சாய்ந்த உடல் அதிக நீரைத் தள்ள வேண்டியிருக்கும், மூச்சு வாங்கும், காற்று சீக்கிரம் தீரும். உள்ளே போக மூன்றில் ஒரு பங்கு, திரும்ப ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு என்று காற்றைப் பிரித்து வைத்துக்கொள்ளும் இடத்தில் அது சின்ன விஷயமில்லை.

இதன் கணக்கு எளிமையானது. உடலும் கருவிகளும் சேர்ந்த மொத்தத்துக்கு இரண்டு மையங்கள் உண்டு. ஒன்றில் எடை கீழே இழுக்கிறது. மற்றொன்றில் நீர் மேலே தள்ளுகிறது. நாம் கிடையாக இருக்கும்போது இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் அமைந்தால் அப்படியே நிற்போம். விலகியிருந்தால், அவை ஒரே கோட்டில் வரும்வரை நீர் நம்மைச் சுழற்றும். இடுப்பில் குடத்தோடு நடக்கிறவள் மறுபக்கம் சாய்வாளே, அதே கணக்குதான். ஆனால் தண்ணீருக்குள் ஊன்றிக்கொள்ளத் தரை கிடையாது. எடையை இடம் மாற்றித்தான் ஆக வேண்டும்.

பிரச்சினை இங்கேதான் தொடங்கியது. பெரும்பாலான ஆண்களுக்குக் கால்கள் தாழும். ஆகவே ஈயக்கட்டிகளைத் தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் வைப்பது எங்கள் பயிற்றுநரின் வழக்கம். பெண்களில் பலருக்கு இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு கூடுதல். கொழுப்பு நீரைவிட அடர்த்தி குறைந்தது, மிதக்கும். எனக்கும் அப்படித்தான். ஏற்கெனவே மிதக்கிற கால். அதற்கு எதிர்முனையில், கழுத்துக்குக் கீழே, இரண்டு கிலோ ஈயம். தலை கவிழ்ந்தது. கைகளால் நீரைத் துழாவிச் சமாளித்தேன். மூன்றாம் நாள் மாலை அவர், "உங்கள் உடல்வாகு இதற்குத் தோதுப்படாது, திறந்த நீரிலேயே நீந்துங்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அக்கறையாகச் சொல்லப்படும் இத்தகைய வாக்கியங்களால் எத்தனை பெண்கள் எத்தனை வாசல்களிலிருந்து திரும்பியிருப்பார்கள்!

நான் திரும்பவில்லை. வெளிச்சம் விழும் ஆழமில்லாத நீரில் ஒரு தோழியோடு இறங்கினேன். கையையும் காலையும் அசைக்காமல் ஒரு நிமிடம் நிற்பது, எந்த முனை தாழ்கிறது என்று அவள் பார்ப்பது, மேலே வந்து ஒரே ஒரு பொருளை மட்டும் நகர்த்துவது, மறுபடி இறங்குவது. முதலில் ஈயத்தைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கினோம். பாதி சரியானது. எடையைக் கூட்டவே தேவையிருக்கவில்லை. இரண்டு கிலோவை இருபது சென்டிமீட்டர் நகர்த்துவதும் நான்கு கிலோவைப் பத்து சென்டிமீட்டர் நகர்த்துவதும் ஒன்றுதான். அடுத்து, மிதக்கும் துடுப்புக்குப் பதில் கனமான ரப்பர் துடுப்பு. அடுத்து உருளைகள். என் இரு பக்கமும் தொங்குபவை அலுமினிய உருளைகள். ஒவ்வொன்றிலும் அடைத்த காற்றின் எடை மட்டும் இரண்டரை கிலோவுக்கு மேல். நிறைந்திருக்கையில் மூழ்குபவை, காற்று தீரத் தீர அடிப்பக்கம் மேலே எழுந்து இடுப்பையும் தூக்கப் பார்க்கும். பின் கொக்கியை இடுப்புப் பட்டையில் முன்பக்க வளையத்துக்கு மாற்றினால் அவை மீண்டும் உடலோடு படியும். ஆகவே சமநிலை ஒருமுறை அமைத்துவிட்டால் முடிந்துபோகும் வேலையில்லை. நீந்தும்போதே திருத்திக்கொண்டு போக வேண்டியது.

இரண்டாம் நாள் முடிவில் ஒரு நிமிடம் முழுக்க அசையாமல் நின்றேன். உடல்வாகு மாறவில்லை. ஈயம் மட்டும்தான் இடம் மாறியிருந்தது.

இந்தக் குகைகள் பெண்ணுக்கு அந்நியமானவையும் அல்ல. 2007இல் இதே பகுதியில் 'ஓயோ நெக்ரோ' என்ற நீரடிக் குழியில் முக்குளிப்போர் ஒரு மண்டையோட்டைக் கண்டார்கள். 12,000 ஆண்டுகளுக்கும் முன், கடல்மட்டம் தாழ்ந்து குகை காய்ந்திருந்த காலத்தில், அங்கே விழுந்து இறந்த பதின்வயதுப் பெண் அவள். நையா என்று பெயரிட்டார்கள். நம் காலத்திலோ, ஃபுளோரிடாவின் நீரடிக் குகைகளில் நெடுந்தூரம் நீந்திய மேரி எலன் எக்கஃப் இருந்தார். அண்டார்டிகாவில் பி-15 பனிப்பாறையின் உட்குகைகளுக்குள் 2001இல் இறங்கிய ஜில் ஹைனர்த் இருக்கிறார். பெண்ணுடலுக்கு இது தோதுப்படுமா என்ற கேள்விக்கு அவர்கள் எப்போதோ விடை சொல்லிவிட்டார்கள்.

இப்போது புதிதாக வரும் பெண்கள் சிலர், தலை கவிழ்கிறது, எனக்கு இது வராது போலிருக்கிறதே என்று என்னிடம் கேட்கிறார்கள். தைரியம் சொல்வதைவிட அளவுநாடாவை எடுப்பது பயன் தரும். எடை எங்கே இருக்கிறது, யாருடைய உடலை மனதில் வைத்து அங்கே வைத்தார்கள் என்று முதலில் பார்ப்போம் என்பேன். தண்ணீருக்கு வெளியிலும் நான் இப்போதெல்லாம் முதலில் கேட்பது அதைத்தான்.