பழைய அஞ்சலட்டைகளில் காசி மாநகர்

முகல்சராயிலிருந்து புறப்படும் ரயில் கங்கைப் பாலத்தின் மீது ஏறியதும், பெட்டியில் உறங்கிக் கிடந்தவர்களும் எழுந்து ஜன்னலோரம் வந்துவிடுவர். தென்னாட்டு யாத்திரிகர் பலருக்குக் காசியின் முதல் தரிசனம் வாய்த்தது அங்கேதான். இரும்புச் சட்டங்களின் இடைவெளியில் பிறைபோல் வளைந்த கரையும், அடுக்கடுக்கான படித்துறைகளும், கோபுரங்களும் தோன்றும். கைகள் தாமே கூப்பும். நாணயங்கள் நீரில் விழும்.

1887-இல் திறக்கப்பட்ட அப்பாலம் அக்கால வைஸ்ராயின் பெயரால் டஃபரின் பாலம் எனப்பட்டது. இன்று அது மாளவியா பாலம். கீழ்த்தளத்தில் ரயிலும் மேல்தளத்தில் சாலையும் செல்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படம் அச்சிட்ட அஞ்சலட்டைகள் பெருகியபோது, காசியின் அட்டைகளில் இப்பாலமும் இடம்பெற்றது. படமெடுத்தவர்கள் இரும்பின் பிரம்மாண்டத்தை வியந்தார்கள். யாத்திரிகருக்கு அதன் பெருமை வேறு. முன்பு காசிக்கு நடந்து சென்றவர்கள் திரும்புவது நிச்சயமில்லை என்றெண்ணி, சொத்துக்கு ஏற்பாடு செய்து, உற்றாரிடம் விடைபெற்றே புறப்பட்டனர். ரயிலும் பாலமும் வந்தபின் கங்கைச் சொம்புடன் வீடு திரும்புதல் இயல்பாயிற்று.

பஞ்சதீர்த்த யாத்திரை செய்வோரும் இப்பாலத்தை அறிவர். அசி, தசாசுவமேதம் ஆகியவற்றில் நீராடியபின், வருணை கங்கையில் கலக்கும் ஆதிகேசவர் துறைக்குப் படகிற் செல்வோர் பாலத்தின் அடியில்தான் போக வேண்டும். பிறகு பஞ்சகங்கைக்கும் மணிகர்ணிகைக்கும் திரும்பும்போது மறுபடியும் அதே நிழல்.

கங்கை இங்கே வடக்கு நோக்கிப் பாய்வதால், மேற்குக்கரைப் படித்துறைகள் உதயசூரியனை எதிர்கொள்கின்றன. ஆகவே காலை வெயிலில், படகில் இருந்து எடுத்த படங்களே தெளிவாக அமைந்தன. பனையோலைக் குடைகளின் கீழ் பண்டாக்கள், நீராடுவோர், மணிகர்ணிகைக்கு அருகே சாய்ந்து நிற்கும் ரத்னேசுவரர் ஆலயம் எல்லாம் அவற்றில் உண்டு. ஜெர்மனியில் அச்சான வண்ண அட்டைகள் சிலவற்றில் கங்கை கடல்நீலமாக ஓடுவதைக் கண்டு சிரிக்கத் தோன்றும்.

பெயர்களும் அப்படியே. ராணி பவானி எழுப்பிய துர்க்கை ஆலயம் அட்டைகளில் ‘குரங்குக் கோயில்’ ஆயிற்று. அகல்யாபாய் ஹோல்கர் கட்டுவித்து, மகாராஜா ரஞ்சித்சிங் பொன் வழங்கிய விசுவநாதர் ஆலயம் ‘பொற்கோயில்’ ஆயிற்று. அந்நாளில் குறுகிய சந்துக்குள் அமைந்திருந்த அக்கோயிலை எதிர்நின்று படமெடுக்க இடமேது? அட்டைகளில் தெரிவது பெரும்பாலும் மாடியிலிருந்து கண்ட சிகரமே. தமிழருக்கு மிக நெருங்கிய கேதார கட்டமும் அட்டைகளில் பல துறைகளுள் ஒன்றுதான். குமரகுருபரர் நிறுவிய மடம் அங்கிருப்பதை அவ்வட்டைகளை விற்றவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை.

அட்டையின் வயதை அறியச் சில வழிகள் உண்டு. பின்புறம் முழுதும் முகவரிக்கே ஒதுக்கப்பட்டு, செய்தி படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதப்பட்டிருந்தால் அது மிகப் பழையது. பின்புறத்தை இரண்டாகப் பிரிக்கும் கோடு பின்னால் வந்த வழக்கம். பஞ்சகங்கை துறைக்கு மேலுள்ள பள்ளிவாசலின் இரு நெடிய மினார்கள் படத்தில் தெரிந்தால் அதுவும் பழைய காட்சியே. இன்று அவை இல்லை.

வீட்டைக் காலி செய்கையில் தகரப்பெட்டியோடு இவ்வட்டைகளும் பழைய காகிதக் கடைக்குப் போய்விடுகின்றன. தபால்தலை மீதுள்ள முத்திரையைப் பூதக்கண்ணாடி கொண்டு ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுக்கலாம். பாட்டனார் எந்த மாதம், எந்தத் தேதியில் காசியில் இருந்தார் என்பது அந்த வட்டத்திற்குள் இருக்கக்கூடும். குடும்பத்தில் வேறெங்கும் எழுதி வைக்கப்படாத தேதி அது.