தொப்பூர் இறக்கத்தில் போன லாரி

தர்மபுரியிலிருந்து சேலம் வரும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் கண்ணுக்குக் குளிர்ச்சியான இடம். இருபுறமும் காடு, மழைநாளில் மலைமேல் மேகம். காரில் போகிறவர்கள் செல்போனில் படமெடுப்பார்கள். லாரிக்காரர்களுக்கோ வயிற்றைக் கலக்கும் இறக்கம்.

சங்ககிரிக்காரர் ஒருவர் தன் சொந்த லாரியை இழந்தது இங்கேதான். நாமக்கல்லில் பாடி கட்டி, முகப்புப் பலகையில் மகள் பெயர் எழுதிய வண்டி. ஆயுத பூஜையன்று அது வாழைக்கன்றோடு வாசலில் நின்றால்தான் வீட்டில் பண்டிகை.

டீசல் மிச்சமாகுமென்று இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் பலரைப்போல அவருக்கும் உண்டு. கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் மொத்த பாரமும் பிரேக்கின் தலையில்தான். அது சூடேறினால் பிடிக்காது. அன்று புதுமழை வேறு. ரோட்டில் தூசியும் எண்ணெயும் கலந்த பிசுக்கு. இரட்டைப் பாலத்துக்கு முன்பே வண்டி வழுக்கிக் கவிழ்ந்தது.

அவருக்குக் கை எலும்பு முறிந்ததோடு சரி. லாரியின் சேஸிஸ் முறுக்கிக்கொண்டது, எடைக்குத்தான் போனது. பெயர்ப்பலகையை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டார்.

இப்போது அடுத்தவர் லாரியில் சம்பளத்துக்கு ஓட்டுகிறார். அதே இறக்கத்தில், சின்ன கியரில் ஊர்ந்து இறங்குகிறார். பின்னால் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டே வருகின்றன.