பெறப்பட்டது

எங்கள் பத்திரிகையின் டொமைனுக்கு வரும் கடிதங்களை வாங்கும் மெயில் சர்வர் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். அந்நேரத்தில் வரும் கவிதைகள் தொலைந்துவிடுமோ என்ற பயத்தில், வேறிடத்தில் ஒரு கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்து, போஸ்ட்ஃபிக்ஸ் நிறுவி, மாற்று சர்வர் ஒன்று வைத்தேன். டொமைனின் எம்எக்ஸ் பதிவில் வீட்டுக்கு 10, மாற்றுக்கு 20. அனுப்பும் சர்வர் சிறிய எண்ணை முதலில் தட்டும். அது திறக்காவிட்டால் அடுத்ததை.

வங்கிக் கவுண்டரில் சலானில் ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்திய கணத்திலிருந்து பணம் எங்கள் பொறுப்பு. சர்வரின் முத்திரை 250 என்ற எண். அதைச் சொன்னபின் கடிதத்தைச் சேர்ப்பிக்க வேண்டும். அல்லது சேரவில்லை என்று அனுப்பியவருக்கு எழுத வேண்டும்.

ஒரு மழையில் இரண்டு நாள் மின்சாரமில்லை. அப்போது நண்பர் ஒருவர் தம் அலுவலக முகவரியிலிருந்து ஒரு கவிதை அனுப்பினார். மாற்று 250 என்றது. மின்சாரம் வந்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்தது. ஒரு டொமைனின் பெயரில் எந்தெந்த இயந்திரங்கள் கடிதம் அனுப்பலாம் என்று அந்த டொமைனே அறிவித்திருக்கும், எஸ்பிஎஃப் என்பார்கள். நண்பருடைய பட்டியலில் என் மாற்று எப்படி இருக்கும்? என் சர்வர் அதைப் போலி என்று மறுத்தது. மாற்றை நம்பு என்று அதற்கு நான் சொல்லிவைக்கவில்லை. பொறுப்பேற்ற மாற்று, முறைப்படி நண்பருக்கு எழுதியது: ஏற்கப்படவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் அவர் தொகுப்பைப் பற்றிக் கடுமையாக எழுதியவன் நான். அதன்பின் அவர் எழுதிய முதல் கவிதை அது. பல மாதம் கழித்து ஒரு டீக்கடையில் சொன்னார்: “உங்கள் பதில் வந்தது. எதிர்பார்த்ததுதான்.” சர்வர் விஷயத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நம்பியதாகத் தெரியவில்லை. என் விமர்சனமே அந்த இயந்திரத்தின் குரலை அவருக்குப் பழக்கியிருந்தது.

மாற்றே தேவையில்லை. கதவு திறக்காவிட்டால் அனுப்பும் சர்வர் நாலைந்து நாளாவது விட்டுவிட்டு முயலவேண்டும் என்கிறது 2008-ல் வந்த மின்னஞ்சல் நெறிமுறை. கவிதை அவர் பக்கத்திலேயே காத்திருந்து, மின்சாரம் வந்ததும் நேராக என்னிடம் வந்திருக்கும். எனக்குத்தான் அந்தக் காத்திருப்பில் நம்பிக்கையில்லை.

20 என்ற வரியை அழித்துவிட்டேன். இப்போதும் மின்சாரம் போகிறது. கடிதங்கள் வெளியே நின்று பிறகு வருகின்றன. நண்பருடையது அவற்றில் இல்லை.