ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு கத்தி

எங்கள் வீட்டில் மூன்று பேர். இரண்டு பேர் களப்பணிக்குப் போகிறவர்கள், இன்னொருவர் அம்மா. நாற்பது வருடமாக அம்மா அருவாமனையில்தான் அரிந்தார். கீரை, வெங்காயம், மீன், மாட்டுக்கறி எல்லாம் அதில்தான். முழங்கால் தேய்ந்திருக்கிறது, இனி தரையில் சம்மணம் போட்டு உட்காரக் கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகு, மேடையில் நின்றபடி அரிய ஒரு கத்தி தேவைப்பட்டது. வீட்டில் இருந்த ஐம்பது ரூபாய் பல்கத்தி எலுமிச்சம்பழத்துக்கு ஆகும், அரைக் கிலோ வெங்காயத்துக்கு ஆகாது. ஆயிரம் ரூபாய் ஒதுக்கினோம். அதற்கு மேல் போனால் அந்த மாதம் வேறு எதிலாவது கை வைக்க வேண்டும்.

அருவாமனை மட்டமான கருவி இல்லை. அலகு அசையாமல் நிற்கும், இரண்டு கையும் காயைப் பிடிக்கலாம். மீனை அதில் ஆய்கிற வேகம் எந்தக் கத்தியிலும் வராது. ஆனால் அது ஒருவரைத் தரையில் உட்காரவைக்கிறது, அந்த ஒருவர் எப்போதும் வீட்டுப் பெண். கல்யாண மண்டபத்தில் கூலிக்கு அரியும் ஆண்களைப் பார்த்திருக்கிறோம். சொந்த வீட்டில் அருவாமனை முன் உட்கார்ந்த ஆண்களை எண்ணுவதற்கு ஒரு கை விரல்கள் போதும். எனவே நாங்கள் தேடியது அம்மாவுக்கான கத்தி இல்லை. மூன்று பேரில் யார் முதலில் வீடு திரும்பினாலும் எடுத்து அரியத் தோதான கத்தி.

செஃப் கத்தி என்று விற்பதற்கு அலகு வழக்கமாக எட்டு அங்குலம். பிடிக்கு அருகில் அகலமாக இருந்து நுனிக்குப் போகப்போக வளைந்து மேலேறும். நுனியைப் பலகையில் ஊன்றி, பின்பக்கத்தை ஏற்றி இறக்கினாலே அரிபடும். அகலம் இருப்பதால் விரல் கணுக்கள் பலகையில் இடிக்காது. பாத்திரக்கடைக்காரர் அம்மாவைப் பார்த்ததும் ஆறு அங்குலத்தை எடுத்து வைத்தார். "உங்களுக்கு இது போதும்மா." அம்மா விடவில்லை. "பூசணிக்காயை நீ வந்து அரிஞ்சு குடுப்பியா தம்பி?" எட்டு அங்குலமே முடிவானது.

விலையை ஏற்றுவது பெரும்பாலும் செய்முறை. இரும்பைக் காய்ச்சி அடித்துச் செய்த கத்தி கனமாக இருக்கும், பிடி தொடங்கும் இடத்தில் தடித்திருக்கும், பார்க்கவும் கம்பீரம். தகட்டிலிருந்து வெட்டியெடுத்தது மெல்லிசு, விலையும் குறைவு. அறுபது வயதுக் கைக்கு மெல்லிசுதான் நல்லது. சமையல் சொல்லித்தருகிறவர்கள் அடிக்கடி பரிந்துரைக்கும் சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் ஃபைப்ராக்ஸ் வகையும் தகட்டில் வெட்டியதுதான். அது எங்கள் தொகைக்குள் வரவில்லை, இந்தியக் கம்பெனிக் கத்திகளிலேயே தேடினோம்.

எவர்சில்வர் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. டம்ளர், தட்டு செய்கிற எவர்சில்வர் வேறு, கத்திக்கானது வேறு. கத்தி எஃகில் கார்பன் கூடுதல், அதனால் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் கெட்டிப்படும். கடைக்கு ஒரு காந்தம் கொண்டுபோனோம். காந்தம் ஒட்டினால் நல்ல கத்தி என்று அர்த்தமில்லை, ஆனால் ஒட்டாத எவர்சில்வர் கத்தியை வாங்க வேண்டியதில்லை. ரொம்பக் கெட்டியான எஃகும் நமக்கு உதவாது. ஜப்பானியக் கத்திகள் பல ராக்வெல் அளவில் 60-க்கு மேல். கூர் நாள்பட நிற்கும், எலும்பில் பட்டால் அலகு சில்லு பெயரும். 54 முதல் 56 வரை உள்ளது சீக்கிரம் மழுங்கினாலும் சீக்கிரம் கூர் ஏறும். அட்டையில் இந்த எண்ணைப் போடுகிறவர்கள் குறைவு. அப்படியானால் கண்ணும் கையும்தான்: முதுகைக் கண்ணுக்கு நேராக வைத்து வளைவு பார்ப்பது, பிடிக்கும் அலகுக்கும் நடுவில் அழுக்கு சேரும் இடுக்கு இருக்கிறதா என்று பார்ப்பது, ஈரக் கையால் பிடித்து வழுக்குகிறதா என்று பார்ப்பது. தண்ணீர் கேட்டதும் கடைக்காரர் முறைத்தார், கொடுத்தார்.

கொல்லுப்பட்டறைக் கத்தியையும் விட்டுவைக்கவில்லை. லாரி பட்டையில் அடித்த கத்தி பாதி விலைக்குக் கிடைக்கும். திருப்பாச்சேத்தி அருவாளின் பேர் தெரியாதவர்கள் தென்மாவட்டங்களில் உண்டா? அந்த இரும்பில் கூர் அருமையாக ஏறும். ஆனால் புளி, மாங்காய், எலுமிச்சை பட்டால் கறுக்கும், ஈரத்தோடு வைத்தால் மறுநாள் துரு. மூன்று பேர் புழங்கும் வீட்டில் ஒவ்வொரு முறையும் துடைத்து எண்ணெய் தடவுவது நடக்காது. முதுகு தடிமன் என்பதால் கேரட்டை அரிவதற்குப் பதில் பிளக்கும். எலும்புக்கும் தேங்காய்க்கும் அது ஒன்று தனியாக இருக்கட்டும்.

எந்தக் கத்தி வாங்கலாம் என்று சொல்லித்தருகிறவர்கள் தக்காளியைச் சீவிக் காட்டுவார்கள், மிஞ்சினால் எலும்பில்லாத கோழி. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையிலிருந்து கட்டியாக வரும் மாட்டுக்கறியை யாரும் அரிந்து காட்டுவதில்லை. சவ்வை நுனியால் குத்தித் தூக்கி, அலகை அதை ஒட்டிச் சாய்த்து இழுக்க வேண்டும். மழுங்கல் கத்தி சவ்வில் வழுக்கி இடது கைக்கு வரும். குடலுக்கும் இதேதான். எலும்பை மட்டும் கடையிலேயே வெட்டி வாங்கிவிடுகிறோம்.

கறிக்குத் தனிக் கத்தி வேண்டாமா என்று கேட்கிறார்கள். பச்சைக்கறியில் கிருமி உண்டு, மறுக்கவில்லை. காயை முதலில் அரிந்துவிட்டுக் கறியைக் கடைசியில் அரிகிறோம், பிறகு கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுச் சுடுதண்ணீரில் கழுவிக் காயவைக்கிறோம். இரண்டு பலகை வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவிய பிறகும் "அது கறிக் கத்தி" என்று தொடத் தயங்குகிறவர்களையும் பார்க்கிறோம். அவர்களிடம் கிருமியைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

கடைசியில் கத்தி 480 ரூபாய், தீட்டுக்கல் 260, மரப்பலகை 220. மொத்தம் 960. ஆயிரத்தையும் கத்தியிலேயே போட்டிருக்கலாமே என்றார் ஒரு நண்பர். கூர் போட வழியில்லாத எந்தக் கத்தியும் ஆறு மாதத்தில் ஐம்பது ரூபாய்க் கத்தி போலத்தான் ஆகும். (தீட்டுக்கல் என்ற பேரைக் கேட்டதும் வீட்டில் ஒரே சிரிப்பு. நம்மைத் தள்ளிவைக்கச் சொன்ன சொல்லே கத்திக்குக் கூர் போடவும் ஆகிறது.) ஆயிரம் எண் போட்ட கல் வீட்டுக்குப் போதும். தண்ணீர் விட்டு, அலகைக் கல்லிலிருந்து பதினைந்து, இருபது டிகிரி மட்டும் தூக்கி, அந்தச் சாய்வு மாறாமல் இரண்டு பக்கமும் இழுக்க வேண்டும். கல் இல்லாத நாளில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு ஏறாத சொரசொர வளையம் இருக்கும், அதில் நாலு இழுப்பு இழுத்தாலும் கொஞ்சம் தேறும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கிறவர்கள் அலகு சூடேறி நீலம் பாயாமல் பார்க்கச் சொல்லுங்கள், கேட்ட காசைக் கொடுங்கள். மாலில் பேரம் பேசாத நாம் அவரிடம் மட்டும் பத்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிறோம்.

கிரானைட் மேடையிலும் எவர்சில்வர் தட்டிலும் கண்ணாடிப் பலகையிலும் வைத்து அரியக் கூடாது, ஒரே வாரத்தில் கூர் போய்விடும். மரமோ பிளாஸ்டிக்கோ போதும். அடியில் ஈரத் துணி போட்டால் பலகை நகராது.

இப்போது அம்மா மேடையில் நின்று வெங்காயம் அரிகிறார். கூர் இருப்பதால் வெங்காயம் நசுங்குவதில்லை, கண் எரிச்சலும் குறைவு. வாரத்தில் நாலு நாள் அவர் அரிவதே இல்லை, முன்னால் வந்தவர் அரிகிறார். அருவாமனை முனையில் துருவி இருப்பதால் அதைத் தூக்கிப் போடவில்லை.

தூக்கிப் போட வேண்டியது பழைய பல்கத்திதான். அதைக் குப்பைப் பையில் போடாதீர்கள். அந்தப் பையைக் கையுறை இல்லாமல் பிரிக்கிறவர்கள் யார் என்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அட்டையை இரண்டாக மடித்து அலகைச் சுற்றி, டேப் ஒட்டி, பழைய இரும்புக் கடையில் கொடுத்துவிடுங்கள். உடைந்த பிளேடுக்கும் இதே வழிதான்.