தோளில் ஏறும் சிற்பம்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் நகைக்கடைக்குள் நுழைகிறவர்கள் கணக்கோடுதான் நுழைகிறார்கள். இன்றைக்கு 916 தங்கம் என்ன விலை, எத்தனை கிராம், செய்கூலி எவ்வளவு, எல்லாவற்றுக்கும் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. முதலீட்டுக்கென்று வாங்கும் தங்கக் கட்டிக்கு 2012 அக்டோபரிலிருந்து அந்த வரி கிடையாது. அதே தங்கம் ஒருவர் கைபட்டு வளையலாகிவிட்டால் வரி உண்டு. பேரம் நடக்கும் இடத்தைக் கவனியுங்கள். கிராம் விலையில் யாரும் வாய் திறப்பதில்லை; செய்கூலியைத்தான் குறைக்கச் சொல்கிறார்கள்.

நான் செய்யும் நகைகள் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. வெள்ளி, செம்பு, டைட்டேனியம், சில வேளைகளில் மரம். உள்ளங்கை அகலத்துக்குத் தோளில் ஏறி உட்காரும் புரூச், காது மடலைச் சுற்றிக்கொண்டு கழுத்துவரை இறங்கும் ஒற்றைத் தோடு, கையை மடக்கும்போது தானும் மடங்கும் காப்பு என்று போகும். கண்காட்சிக்கு வரும் நம் பெண்கள் கையில் எடுத்ததும் கேட்பது, "இது எத்தனை கிராம்மா?" அடுத்தது, "வித்தா என்ன கெடைக்கும்?"

இதை அறியாமை என்று நான் நினைத்ததே இல்லை. வீடும் நிலமும் ஆண் பெயரில் இருந்த காலத்தில் ஒரு பெண் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்ததெல்லாம் கழுத்திலும் காதிலும் கிடந்ததுதான். கடல் தாண்டி வந்த குடும்பங்களில் பிள்ளையின் படிப்புக்கும் ஊருக்குப் போகும் கப்பல் சீட்டுக்கும் அடகுக்கடைக்குப் போய்வந்த சங்கிலிகள் எத்தனையோ. அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் பாதுகாப்புத் தேடலை மதிக்கிறேன். ஆனால் எடையையே பார்த்துப் பார்த்து வடிவத்தைப் பார்க்க மறந்துவிட்டோம் என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. ஏனென்றால் அந்தப் பார்வை நம்மிடம் இருந்தது. பாம்படம் இருக்கிறதே சாட்சிக்கு.

மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைப் பாட்டிமார் வடித்த காதில் தொங்கவிட்டிருந்த நகை அது. உருண்டை, சதுரக் கட்டை, தட்டு, கூம்பு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்திச் செய்தது. பாம்பு என்று பெயர். ஆனால் செதில் கிடையாது, கண் கிடையாது, நாக்கு கிடையாது. சுருண்ட உடம்பும் நிமிர்ந்த படமும் போதும், மற்றதெல்லாம் வேண்டாம் என்று யாரோ ஒரு பொற்கொல்லர் முடிவெடுத்திருக்கிறார். அதைப் பட்டிக்காட்டுப் பெண்கள் மறுப்பில்லாமல் அணிந்திருக்கிறார்கள். நாற்று நடும்போதும் சந்தைக்குப் போகும்போதும் காதில் ஆடிய அருவச் சிற்பம் அது. இன்று அது உலக அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் உருக்கியாகிவிட்டது.

அதன் உள்கட்டுதான் எனக்கு இன்னும் முக்கியம். வெளியே மெல்லிய தங்கத் தகடு, உள்ளே அரக்கு. தங்கம் தண்ணீரைவிடப் பத்தொன்பது மடங்கு கனம். அரக்கு ஏறத்தாழ தண்ணீர் அளவுதான். அரக்கு நிரப்பினால் தகடு நசுங்காது, காதும் அறுந்துபோகாது, கண்ணுக்குப் பெரிய வடிவம் கிடைக்கும். அதாவது அந்தப் பொற்கொல்லருக்கு வேண்டியிருந்தது பருமன். தங்கம் அதற்குத் தோல் மட்டும்.

1980-இல் ஓட்டோ கூன்ஸ்லி என்ற சுவிட்சர்லாந்துக் கலைஞர் ஒரு வளையல் செய்தார். கறுப்பு ரப்பர் குழாய். ஓரிடத்தில் மட்டும் லேசாகப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்புக்குள் ஒரு தங்க உருண்டை. தங்கம் கண்ணைக் குருடாக்கும் என்று அதற்குப் பெயர் வைத்தார். ரப்பரை அறுத்தால் ஒழிய உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது. இருக்கிறது என்று நம்பித்தான் அணிய வேண்டும். இன்றைய கலை நகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் சொல்லும் நகை இது. நான் அதைப் பாம்படத்தோடு சேர்த்துவைத்துப் பார்க்கிறேன். ஒன்றில் தங்கம் வெளியே, மலிவான பொருள் உள்ளே, மற்றொன்றில் நேர்மாறு. இரண்டு பேரும் கேட்டிருப்பது ஒரே கேள்வி: இந்த உலோகம் இங்கே எந்த வேலைக்கு வந்திருக்கிறது? என் மேசையில் ஒவ்வொரு தகட்டை வெட்டும்போதும் நானும் அதைக் கேட்டுக்கொள்கிறேன்.

சிங்கப்பூரில் இந்தத் தொழிலில் எனக்கு முன்னோடி யார் என்று கேட்டால் பெயர் தெரியாத ஒருவரைச் சொல்வேன். 1928-இல் ஃபோர்ட் கேனிங் குன்றில் நீர்த்தேக்கத்துக்காக மண் தோண்டிய தொழிலாளர்கள் கையில் சில பொன் நகைகள் அகப்பட்டன. 14-ஆம் நூற்றாண்டு ஜாவானிய பாணி. அவற்றுள் ஒரு தோள்வளை சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. தகட்டில் பின்னாலிருந்து தட்டி எழுப்பிய காலனின் முகம்; நம் கோயில் தோரணங்களில் விழி பிதுங்க நிற்கும் கீர்த்திமுகத்தின் ஜாவானிய உறவு. பார்க்கிறவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்கிறார்கள். நான் நிற்பது அதன் சங்கிலிக்காக. முகம் விறைப்பான தகடு. கையைச் சுற்றிப் போகும் பகுதி வளைந்து கொடுக்கும் பின்னல் சங்கிலி. மேற்கை ஒரே பருமனில் இருப்பதில்லை. மடக்கினால் புடைக்கிறது, நீட்டினால் இளைக்கிறது. விறைப்பான வளையம் போட்டிருந்தால் ஒன்று இறுக்கும், இல்லையென்றால் முழங்கைக்கு நழுவிவிடும். அசையக்கூடாத இடத்தில் சிற்பம், அசைய வேண்டிய இடத்தில் சங்கிலி என்று பிரித்தவர், தட்டுவதற்கு முன்னால் ஒரு கையைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்.

பூங்காவில் நிற்கும் சிற்பத்துக்குப் பீடம் அசையாது. எங்களுக்குப் பீடமே மூச்சு விடும், வியர்க்கும், குனியும், எம்ஆர்டி-யில் நெரிபடும். இதை எனக்குப் புரியவைத்தவர், டன்லப் ஸ்திரீட் பக்கம் மாடியில் பட்டறை வைத்திருந்த ஒரு பத்தர். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். நான் கொண்டுபோகும் ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து ஏந்திப் பார்ப்பார். பிறகு, "பாப்பா, இதக் கழுத்துல போட்டுக்கிட்டு குனிஞ்சு செருப்ப மாட்டு. அப்புறம் சொல்லு முடிஞ்சுச்சான்னு" என்பார். குனியும்போது ஆரம் முன்னால் தொங்கி முகத்தில் இடிக்கிறதா, நிமிர்ந்ததும் பழைய இடத்துக்கே வந்து படுக்கிறதா, கொக்கி முன்னால் சுற்றி வந்துவிட்டதா என்று எல்லாம் அந்த ஒரு குனிவில் தெரிந்துவிடும். முன்பக்கம் எடை போதாவிட்டால் கொக்கி நகர்ந்து வந்தே தீரும். இன்றுவரை எந்த ஆரத்தையும் அந்தச் சோதனை இல்லாமல் பட்டறையைவிட்டு வெளியே விடுவதில்லை.

எடை குறைக்கும் வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 3 செ.மீ. விட்டத்தில் ஒரு வெள்ளி உருண்டையை முழுக்கட்டியாகச் செய்தால் ஏறத்தாழ 146 கிராம் வரும். எந்தக் காதும் தாங்காது. அதையே அரை மில்லிமீட்டர் தகட்டில் செய்தால் 14 கிராம். தகட்டை வட்டமாக வெட்டி, மங்கலான செந்நிறம் வரும்வரை நெருப்புக் காட்டி இளக்கி, குழி வெட்டிய கட்டையில் வைத்துத் தட்டித் தட்டிக் கிண்ணமாக்குவேன். அப்படி இரண்டு. இரண்டின் விளிம்பையும் ஒளிக்கீற்று நுழையாத அளவுக்குச் சமமாகத் தேய்த்து, வெங்காரம் தடவி, பொடி வைத்து ஊதி ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன் ஒரு கிண்ணத்தில் ஊசித்துளை போட்டாக வேண்டும். துளையில்லாமல் மூடிய உருண்டையைச் சூடுபடுத்தினால் உள்ளே சிக்கிய காற்று விரிந்து மூட்டைப் பிளந்துவிடும், வெடிக்கவும் செய்யும். துளை இருந்தால் வேறு வேலை: திராவகத்தில் போட்டு எடுக்கும்போது அது உள்ளே புகும், சோடாத் தண்ணீரில் வேகவைத்து முழுக்க வெளியேற்றாவிட்டால் மாதங்கள் கழித்து வாடிக்கையாளரின் சேலையில் பச்சையாக வடியும்.

அந்தத் துளையை எங்கே வைப்பது? மூடி மறைக்கலாம், வளையம் ஒட்டும் இடத்துக்கு அடியில் ஒளித்துவைக்கலாம். நான் பெரும்பாலும் பின்பக்கம், உடம்பைத் தொடும் இடத்தில், தெரியும்படியே வைக்கிறேன். அணிகிறவருக்கு மட்டும் தெரியும் அந்தப் புள்ளி, நகை எப்படி உருவானது என்பதைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

புரூச்சுக்கு ஊசிதான் உயிர். எடையின் நடுப்புள்ளிக்கு மேலே ஊசி இருக்க வேண்டும். நடுவிலோ கீழேயோ வைத்தால் நகை முன்னால் கவிழ்ந்து துணியை இழுக்கும். இங்கே பெரனாக்கான் பெண்களின் கெரோசாங்கைப் பார்க்க வேண்டும். பொத்தானில்லாத கெபாயா சட்டையை மூடிப் பிடிப்பதே ஒரு தொகுப்பாக வரும் அந்த மூன்று புரூச்சுகள்தான். அழகு அதற்கு அடுத்தது. மலாக்காச் செட்டிகளின் பெண்களும் அதை அணிந்தார்கள். எட்மண்ட் சின் 1991-இல் எழுதிய பெரனாக்கான் நகை பற்றிய நூல் இந்த மரபைப் பயில விரும்பும் யாருக்கும் அடிப்படை. அவர் அரும்பொருளகக் காப்பாட்சியராக இருந்துவிட்டு, பிறகு தாமே நகை வடிவமைக்கப் போனவர். பழைய நகைகளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தே வளர்ந்த கண் அது.

நம் சேலையில் கெரோசாங்குக்கு இணையான இடம் இடது தோள். முந்தானை மடிப்புகளைச் சேர்த்துக் குத்தும் அந்த இடத்தில் இன்னமும் கடைச் சேஃப்டி பின்தான் ஒளிந்துகொண்டிருக்கிறது. நான் கடந்த சில ஆண்டுகளாக அதிகம் செய்வது அந்த இடத்துக்குத்தான். காஞ்சிப் பட்டு ஆறேழு மடிப்பு சேர்ந்தால் கனத்துப்போகும். தடித்த ஊசி ஜரிகையை அறுக்கும், மெல்லிய ஊசி வளையும். தோள் சரிவு ஆளுக்கு ஆள் வேறு. டாக்சியில் ஏறினால் சீட் பெல்ட் எந்தத் தோள்மேல் வரும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஒருவருக்குச் செய்வதற்கு முன் செம்புத் தகட்டில் மாதிரி வெட்டிக் கொடுத்து, ஒரு கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ அணிந்துபோய்விட்டு வரச் சொல்வேன். அவர்கள் திரும்பி வந்து சொல்வதில்தான் பாதி வடிவம் கிடைக்கிறது.

பாரத்தை உடம்பில் பகிர்ந்து இறக்கும் கலை இந்த ஊரில் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் தெருவில் நடக்கிறது. ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை அலகுக் காவடி சுமந்து போகிறவரின் இடுப்புப் பட்டையையும் தோள்தாங்கியையும் பாருங்கள். ஆளுக்கேற்ப அளந்து, மணிக்கணக்கில் நடப்பதற்காக முடுக்கியது. காவடி கட்டித் தருகிறவர்களிடம் நான் கற்றுக்கொண்டதை எந்த வகுப்பும் சொல்லித்தரவில்லை.

இந்த ஊர் நகைகளில் ரிசிஸ் ஆர்க்கிட் பற்றியும் ஒரு வார்த்தை. 1976-இல் இங்குள்ள தர, தொழில் ஆய்வுக் கழகத்தில் டாக்டர் லீ கம் டாட் முன்னின்று உருவாக்கியது. நிஜப் பூவின்மேல் மின்முலாம் வழியாகச் செம்பும் நிக்கலும் தங்கமும் படியவைப்பது. சுற்றுலா நினைவுப்பரிசு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படி ஒதுக்க மனம் வரவில்லை. இன்றைய நகைக் கலைஞர்கள் உலகெங்கும் கையாளும் ஓர் உத்தியை இந்த ஊர் வீட்டுக்கு வீடு அறிமுகப்படுத்தியிருக்கிறது. அதேபோல் குமாரி நாகப்பன். நகை செய்பவரல்ல, சிற்பி. சாகா விதையை, நாம் ஆனைக்குன்றிமணி என்கிறோமே அதை, சாங்கி மூன்றாம் முனையத்தில் பெரும் வெண்கலச் சிற்பமாக வைத்திருக்கிறார். நான்கு விதை ஏறத்தாழ ஒரு கிராம். ஒரு காலத்தில் தட்டாரின் தராசில் தங்கத்துக்கு எதிர்த்தட்டில் கிடந்தது. எடைக்கல்லாக மட்டும் பார்த்த ஒன்றை வடிவமாகப் பார்க்கச் சொல்கிறது அந்தச் சிற்பம். விமானம் ஏறப் போகும்போதெல்லாம் அதன் வளைவைத் தொட்டுவிட்டுத்தான் போகிறேன்.

கிராம் கேட்கும் பெண்களுக்கு நான் இப்போது பில்லிலேயே பதில் எழுதித் தருகிறேன். இரண்டு வரி: உலோகம் இவ்வளவு, வேலை இவ்வளவு. இரண்டாவது வரி முதல் வரியைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். அண்மையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அதை நெடுநேரம் பார்த்தார். "வேலைக்கா இவ்வளவு?" என்றார். "ஆமாம்மா, மூணு வாரம்" என்றேன். "எங்க பாட்டி பாம்படத்த உருக்கி எனக்கு வளையல் போட்டாங்க. அதச் செஞ்சவனுக்கு என்ன குடுத்தாங்களோ" என்றார். வாங்கினார். பேரம் பேசவில்லை.

நகைகளைக் காட்சிக்கு வைக்கும் அரும்பொருளகங்களிடமும் கலைக்கூடங்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பின்னால் ஒரு கண்ணாடி வையுங்கள். ஊசி எங்கே இருக்கிறது, கீல் எப்படி மடங்குகிறது, ஒட்டு எங்கே போடப்பட்டது என்று பார்க்கட்டும். குறிப்பு அட்டையில் ஆண்டையும் ஊரையும் எழுதும் இடத்தில் எடையையும் எழுதுங்கள். இளம் மாணவர்கள் எங்கள் பட்டறைக்கு வரும்போது வரைபடத்தோடு வருகிறார்கள். முன்பக்கம் மட்டும் வரைந்த படம். பக்கவாட்டும் பின்பக்கமும் வரைந்துகொண்டு வாருங்கள், பிறகு நெருப்பைப் பற்றவைப்போம் என்று அனுப்பிவிடுகிறேன். பெரும்பாலோர் அடுத்த வாரமே வந்துவிடுகிறார்கள்.