கிரானில் ஒரு சோடித் தோடு

மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனை பஸ்ஸில் ஏறினால் செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, சந்திவெளி கடந்து கிரான் வரும். மேற்கே போனால் பாலம். அப்பால் வயலும் குடும்பிமலைப் பக்கத்துக் கிராமங்களும். 2007 சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பியவர்கள் பலர் அக்கரையில்தான். மாரி வெள்ளம் பாலத்தை மேவினால் தோணியே வழி.

பீங்கான் நகை நாமும் செய்யலாமா? அசல் பீங்கானுக்குக் கயோலின் என்ற வெண்களி வேண்டும். அது பொரலஸ்கமுவப் பக்கத்தில் எடுப்பது. சூளையும் 1200 பாகைக்கு மேல் எரியவேண்டும். வீட்டு அடுப்பில் நடக்காது. சூளை வேண்டாத 'குளிர் பீங்கான்' கைக்கு எட்டும். கோர்ன்ஃப்ளவர் என்று கடையில் விற்கும் வெள்ளைச் சோளமா ஒரு கோப்பை, வெள்ளைப் பசை ஒரு கோப்பை, கொஞ்சம் எண்ணெய், தேசிக்காய்ச் சாறு. மெல்லிய சூட்டில் கிண்டினால் தாச்சியில் ஒட்டாமல் திரளும். (அந்தத் தாச்சியில் பிறகு கறி வைக்காதீர்கள்.) ஆறியதும் பிசைந்து, உருவம் செய்து, நிழலில் காயவிடுங்கள். காயும்போது சுருங்கும், சற்றுப் பெரிதாகவே வெட்டவேண்டும். தண்ணீர் பட்டால் இளகும் என்பதால் வார்னிஷ் அவசியம். மாரியில் காயாது, கோடையிலேயே செய்து சேர்க்கவேண்டும்.

விலையில்தான் நாம் ஏமாறுகிறோம். மாவுக்கும் பசைக்கும் கொளுக்கிக்கும் கணக்குப் பார்த்துவிட்டு, கைக்கூலியைச் சும்மா கொடுக்கிறோம். கடைக்காரர் "விற்றபின் காசு" என்றால் எண்ணிக்கையும் திகதியும் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள், சகோதரிகளே. வெள்ளம் பாலத்தை மூடியபின் காசு கேட்டு யார் தோணி ஏறுவது?