குதிரையின் படுக்கை

மனிதன் தனக்கு வேண்டிய படுக்கையைத் தானே படுத்துப் பார்த்துத் தெரிவு செய்கிறான். கட்டிவைத்து வளர்க்கப்படும் விலங்குக்கு அவ்வாய்ப்பு இல்லை. அதன் படுக்கையை, அதில் ஒருபோதும் படுக்காத ஒருவன், நின்றபடி கண்ணால் அளந்து விரிக்கிறான். கண்ணுக்கு இனியது உடலுக்கும் இனியதாகுமா என்னும் வினா, இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு குதிரை லாயத்தில் குளிர்காலம் ஒன்றைக் கழித்தபோது என் உள்ளத்தில் எழுந்தது.

குதிரை நின்றுகொண்டே உறங்கும் என்று நாம் சிறுவயதிற் கேட்டிருக்கிறோம். அது பாதி உண்மையே. கால் மூட்டுகளைப் பூட்டிக்கொண்டு நின்றவாறே கண்ணயர அதனால் முடியும். ஆயினும் கனவு தோன்றும் ஆழ்ந்த உறக்கத்தில் தசைகள் தளர்ந்துவிடுவதால், அவ்வுறக்கத்திற்கு அது படுத்தே ஆகவேண்டும். நாளொன்றுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் வரை அதற்குப் போதும். அந்தச் சிறுபொழுதும் கிட்டாத குதிரை, பல நாட்களின் பின் நின்ற நிலையிலேயே துயின்று முழந்தாள் மடங்கி விழுவதுண்டு. ஆகவே லாயத்துப் படுக்கையை வெறும் அலங்காரமாகக் கருதுவதற்கில்லை.

அந்நாட்டு லாயங்களில் நெடுங்காலமாக விரிக்கப்பட்டு வருவது கோதுமை வைக்கோல். பொன்னிறமாய், முழங்காலளவு உயர்ந்து, சுவரோரங்களில் அணைபோலக் குவிக்கப்பட்ட வைக்கோற் படுக்கையைக் காண்பவர் எவரும் அதனைச் செல்வச் செழிப்பின் அடையாளமென்றே கொள்வர். ஆனால் வைக்கோல் நீரை எளிதில் உறிஞ்சுவதில்லை. குதிரை நாள்தோறும் கழிக்கும் பல லீற்றர் சிறுநீர் அதனூடே வடிந்து தரையிலே தங்குகிறது. அங்குள்ள பற்றீரியாக்கள் சிறுநீரின் யூரியாவைச் சிதைக்க, அமோனியா பிறக்கிறது. ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்த வைக்கோலைக் கிளறும்போது கண்ணுக்குத் தெரியாத வித்திகள் வளியிற் பரவுகின்றன. குதிரையோ வாயால் மூச்சுவிட இயலாத விலங்கு. மூக்கொன்றே அதற்கு வழி. பூஞ்சண வித்திகளாலும் தூசியாலும் சுவாசக் குழாய்கள் அழன்று சுருங்கும் ஈளை நோய், லாயத்தில் அடைபட்டு வாழும் குதிரைகளிடையே பெருவழக்கு.

இக்குறைகளுக்கு மாற்றாக வந்தவற்றுள் ஒன்று மரத்தூள் குளிகை. மர ஆலைகளில் எஞ்சும் தூளை உலர்த்தி, சிறு துளைகளுள்ள அச்சினூடே பேரழுத்தத்துடன் செலுத்துகின்றனர். அப்போது எழும் வெப்பத்தில் மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் இளகித் தூளைப் பிணைக்கிறது. வேறு பசை தேவைப்படுவதில்லை. இவ்வாறு கிடைக்கும் சிறு உருளைகள் பெரும்பாலும் 6 முதல் 8 மில்லிமீற்றர் தடிப்பானவை. நூற்றுக்குப் பத்துப் பங்கும் ஈரமற்றவை. ஆகையால் நீரைக் கண்டதும் பருகிப் பன்மடங்கு பொருமி, மீண்டும் மென்தூளாகின்றன.

நான் பணிசெய்த லாயத்தில், 15 கிலோகிராம் மூட்டை ஒன்றைப் பிரித்து ஒரு வாளி நீரை ஊற்றிச் சிறிது நேரம் காத்திருப்போம். நீர் குறைந்தால் தூசி எழும். மிகுந்தால் படுக்கை குளிர்ந்து சேறாகும். அவ்வளவைக் கை அறிய ஒரு வாரம் சென்றது. விரித்து முடித்தபின் பார்த்தால் அது வறிய படுக்கையாகவே தோன்றிற்று. லாயத்தின் மூத்த பணியாளரான அம்மையாரிடம் அதனைச் சொன்னேன். “நின்றுகொண்டு பார்த்தால் என்ன தெரியும்? குதிரை மூக்கை வைக்கும் இடத்தில் உம்முடைய மூக்கையும் வைத்துப் பாரும்” என்றார். அடுத்தடுத்திருந்த இரு கூடங்களிலும் மண்டியிட்டுப் பார்த்தேன். வைக்கோற் கூடத்தில் கண் எரிந்தது. மற்றையதில் ஈரமரத்தின் மெல்லிய மணமே இருந்தது. சிறுநீர் பட்ட இடம் ஒரு திட்டாக இறுகிக் கிடந்தமையால், அத்திட்டை மட்டும் அள்ளினாற் போதுமாயிற்று.

அக்கூடத்தில் நின்ற முதிய குதிரையின் இருமல் அக்குளிர்காலத்தில் தணிந்தது. எனினும் அப்புகழ் முழுவதையும் குளிகைக்கு அளித்தல் நேர்மையன்று. படுக்கையை மாற்றிய அதே வாரத்தில் அதன் உலர்புல்லையும் நீரில் நனைத்துக் கொடுக்கத் தொடங்கினோம். நாளின் பெரும்பகுதியைப் புல்லுக்குள் முகம் புதைத்துக் கழிக்கும் விலங்குக்குத் தூசி முதலில் வருவது அப்புல்லிலிருந்தே. மேலும் ஒரு கூரையின் கீழ் வளி பொதுவானது. அயற்கூடத்து வைக்கோலின் தூசி சுவரைத் தாண்டி வரும்.

குளிகைக்கும் குறைகள் உண்டு. மென்மரமே ஏற்றது, கறுப்பு வால்நட் மரத்தூள் கலந்தால் குதிரையின் குளம்பினுள்ளே அழற்சி தோன்றி நடக்கவும் இயலாமற் போகும். மரத்தூள் எரு மக்குவதற்கு நெடுநாள் ஆவதால், வைக்கோல் எருவை விரும்பி வாங்கும் காளான் பண்ணையாளர் இதனை நாடுவதில்லை. குளிகை வீடுகளைச் சூடாக்கும் எரிபொருளும் ஆகும். 2022 இல் உக்ரைன் போரின் விளைவாக ரசிய மரக்குளிகை வருவது தடைப்பட்டு ஐரோப்பாவில் விலை ஏறியபோது, மனிதனின் அடுப்பும் குதிரையின் படுக்கையும் ஒரே மூட்டைக்குப் போட்டியிட்டன.

ஆகவே எப்படுக்கை சிறந்தது என்பதற்கு எல்லா லாயங்களுக்கும் பொருந்தும் விடையில்லை. நாள்தோறும் அள்ளித் துப்புரவு செய்து, காற்றோட்டமும் கொடுத்தால் வைக்கோலும் நன்றே. கவனியாது விட்டால் குளிகையும் நாறும். சோதிக்கும் முறை மட்டும் எங்கும் ஒன்றே. பேசாத உயிருக்கு நாம் அளிப்பதன் தகுதியை அறிய, அவ்வுயிரின் உயரத்துக்கு நாம் இறங்குதல் வேண்டும். அதற்கு ஆகும் செலவு முழங்காலில் ஒட்டும் சிறிது ஈரமே.